மாதுங்காவுக்கு அப்பால்

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நம்மவர்கள் பம்பாயில் குடியேறிய வரலாற்றைப் பேசும்படி சொன்னார்கள். அந்தக் கதை உங்களுக்கு மனப்பாடம். ஒரு ட்ரங்குப் பெட்டி, டிகிரி ஸர்ட்டிபிகேட், மாதுங்காவில் பெரியப்பா வீட்டு ஹாலில் ஒரு பாய். 1973-ல் நானும் அப்படித்தான் வந்து இறங்கினேன். அதே நகரத்துக்கு நமக்கு முன்பே வந்தவர்களின் கதையை இன்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

1854-ல் கவாஸ்ஜி நானாபாய் தாவர் தொடங்கிய கம்பெனியின் பஞ்சாலை, 1856-ல் தார்தேவில் ஓட ஆரம்பித்தது. நான் விஞ்ஞானம் படித்தவன். காரணம் தேடுவது பழக்கம். வறண்ட காற்றில் நூல் சுலபமாக அறும். கடலோர ஈரக்காற்று நூலுக்கு அனுகூலம். ஆனால் பஞ்சுத் தூசி தொழிலாளியின் நுரையீரலில் போய்ப் படிந்தது.

ரத்னகிரி, ஸதாரா பக்கத்து ஜனங்கள் பரேல், லால்பாக், வொர்லி பகுதிகளில் நிரம்பினார்கள். ஜாபர் என்ற மேஸ்திரி பெரும்பாலும் தன் ஊர்க்காரர், உறவுக்காரர்களையே வேலைக்கு எடுத்தார். தனியாக வந்த ஆண்களுக்கு மாதக் கணக்கில் சமைத்துப் போட்டவர்கள், கானாவல் நடத்திய பெண்கள். பெரியப்பா எனக்குப் படுக்க இடம் கொடுத்து, மெஸ்ஸில் சொல்லி வைத்ததும் இதே முறைதானே!

எங்கள் ஆபீஸ் பியூன் ஒருமுறை கணபதி பண்டிகைக்கு வொர்லி பி.டி.டி. சாலில் உள்ள தம் வீட்டுக்கு அழைத்தார். 1920-களில் கட்டிய கட்டடம். 160 சதுர அடி அறையில் எட்டு பேர். இரவு ஷிப்டிலிருந்து வந்தவர் படுத்த இடத்தில், பகல் ஷிப்ட் முடிந்தவர் இரவில் படுப்பார். தறிச் சத்தத்தில் காது மந்தமான அவர் தகப்பனார், நான் பேசும்போது என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மோதகம் கொடுத்து உபசரித்தார்கள்.

தறிப் பிரிவில் சம்பளம் அதிகம். ஆனால் அங்கே நாடாவில் புது நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும். வேறு ஜாதியார் வாய் வைத்ததில் வாய் வைக்க மாட்டோம் என்று மற்றவர்கள் சொன்னதால், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இதைக் கிளப்பினார். எச்சில், பத்து என்ற வார்த்தைகளோடு வளர்ந்தவர்கள் நாம். அவை ஒருவருடைய சம்பளத்தைக் குறைக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

1982 ஜனவரி 18-ல் தத்தா ஸாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லக்ஷம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முறைப்படி அது முடிவுக்கு வரவேயில்லை. பலருக்கு வேலை போயிற்று. பியூனின் அண்ணா ஊருக்கே திரும்பினார். அப்போது நான், 'எதற்கு இந்த வீண் பிடிவாதம்?' என்று ஆபீஸில் பேசியவன். இன்று லோயர் பரேலில் பழைய பீனிக்ஸ் மில் நிலத்தில் மால் நிற்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் பிறந்த திருநெல்வேலி ஜில்லாவிலிருந்தே தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்கள் தாராவியில் குடியேறினார்கள். ஆவாரம்பட்டை தோலை எப்படிப் பக்குவப்படுத்துகிறது என்று கல்லூரியில் எழுதி மார்க் வாங்கியவன் நான். மாதுங்காவிலிருந்து தாராவி நடக்கிற தூரம். பத்து வருஷத்தில் ஒருதடவைகூட அங்கே போனதில்லை. அவர்கள் பேசியதும் என் ஊர்த் தமிழ்தான்.

நாமும் கஷ்டப்பட்டோம், மறுக்கவில்லை. ஆனால் நமக்குப் படிப்பு இருந்தது. 1932-லேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் ஏற்பட்டுவிட்டது. நம் கதைகள் ஆண்டு மலர்களில் அச்சேறின. அவர்களுடையது பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றுவிட்டது.

ஆகவே ஒரு விண்ணப்பம். கல்கத்தா, ஜாம்ஷெட்பூர், டில்லி என்று பல ஊர்களில் வாழ்ந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். நமது பத்திரிகைக்குக் குடும்ப நினைவுகளை எழுதும்போது, உங்கள் தெருவில் ஆலைச் சங்கு கேட்டு ஓடியவர்களைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதுங்கள். அவர்கள் இருந்தால் நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள். எனக்கு மோதகம் கொடுத்த அந்தப் பெரியவரின் பெயரை அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.