அவர் சிகரெட், யார் மூச்சு?

(தொகுதி இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"என் காசு, என் சிகரெட், என் உடம்பு. கேட்க நீ யாரு?" டீக்கடையில யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்றாங்க. இது நியாயமான கேள்வி. உரிமை பேசுற நாம இதைச் சிரிச்சுத் தள்ளிவிட முடியாது.

ஆனா 2003-ஆம் ஆண்டு புகையிலைச் சட்டம் புகைப்பதையே தடை செய்யவில்லை. பொது இடத்தில் புகைப்பதைத்தான் தடுக்குது, அபராதம் 200 ரூபாய் வரை. வீட்டுக்குள்ள வந்து உங்க கையில இருக்கிற பீடியை யாரும் பிடுங்கல.

1999-ல் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது அடுத்தவரின் வாழ்வுரிமையைப் பறிக்குதுன்னு அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவை வைத்துத் தீர்ப்பு சொன்னது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதே பாதையில் போனது. வழக்குப் போட்டவர் முரளி தேவ்ரா, காங்கிரஸ்காரர். இருக்கட்டும், நல்லது யார் செஞ்சாலும் நல்லதுதான்.

இப்ப அந்த டீ மாஸ்டரைப் பாருங்க. நீங்க பத்து நிமிஷம் நின்னு தம் அடிச்சுட்டுப் போயிடுவீங்க. அவர் விடியற்காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அங்கேதான் நிக்கணும். ஒவ்வொருத்தர் விடுற புகையும் அவர் நெஞ்சுக்குள்ள போகுது. "தள்ளி நின்னு பிடிங்க அண்ணே"ன்னு சொன்னா வியாபாரம் போகும், வேலையும் போகும். உங்க உரிமையைப் பேச உங்களுக்கு வாய் இருக்கு. அவர் உரிமையைப் பேச?

இந்தச் சட்டத்துல நமக்கு ஒரு சண்டையும் இருக்கு. 30 அறை உள்ள ஹோட்டல், 30 பேர் உட்காரும் உணவகம், விமான நிலையம், இங்கெல்லாம் புகைக்கத் தனி இடம் ஒதுக்கலாம்னு சட்டமே அனுமதிக்குது. மூட்டை தூக்குற அண்ணன் பஸ் ஸ்டாண்டுல பீடி பத்த வச்சா அபராத ரசீது! வசதி இருக்கிறவருக்கு அறை, உழைக்கிறவருக்கு அபராதமா? அதுக்காக அவரையும் எங்கேயும் புகைக்க விடுங்கன்னு நாம கேட்கல. அந்தத் தனி இடங்களையும் மூடுங்க, பழக்கத்தை விட நினைக்கிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிகிச்சை கொடுங்கன்னு கேட்கிறோம்.

அப்புறம், அபராதம் புகைக்கிறவருக்கு மட்டும் இல்ல. 2008 விதிப்படி 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவுல எச்சரிக்கைப் பலகை வைக்கணும், புகார் வாங்குறவர் பெயரையும் எழுதி வைக்கணும். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்கலைன்னா பொறுப்பாளருக்கும் அபராதம் உண்டு. நாளைக்கு உங்க ஊர் பேருந்து நிலையத்துல, தாலுகா அலுவலகத்துல அந்தப் பலகையைப் பாருங்க. பெயர் இல்லைன்னா போட்டோ எடுத்து, மனுவோட நேரா பொறுப்பாளர் கையில கொடுங்க. நம்ம கட்சி அலுவலக மாடிப்படியிலிருந்தே ஆரம்பிக்கலாம் தோழர்களே, அங்கேயும் துண்டு சிகரெட் கிடக்குது.