கட்டட வேலைக்குப் போகும் தம்பிமாரின் இடுப்பு

(தோட்ட மண்டபத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் பேசியது)



கொழுந்துக் கூடையால் வரும் முதுகுவலியைப் பற்றி இந்த மண்டபத்தில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்றைக்குத் தச்சு வேலைக்குப் போகும் ஆண்பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கொங்கிறீட் சிலாப்புக்குச் சட்டர் பலகை அடிக்கிற வேலையில் நம்ம பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இருபத்தைந்து வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரி வாசலில் நிற்கிறார்கள்.

கேட்டால், "பாரம் தூக்கினேன் ஐயா, பிடிச்சிக்கிச்சு" என்கிறார்கள். பாரமும் காரணந்தான். எட்டடிக்கு நாலடி பிளைவுட், முக்கால் அங்குலத் தடிப்பு என்றால் சுமார் 30 கிலோ வரும். மழையில் ஊறினால் இன்னும் கூடும். ஆனால் பாரம் தூக்குவது கொஞ்ச நேரம், குனிந்து நிற்பது நாள் முழுக்க. தரையில் போட்டு அறுக்கிறோம், தரையில் வைத்து ஆணி அடிக்கிறோம், பலகையைக் கழற்றியபிறகு ஆணி பிடுங்குவதும் தரையில்தான். முதுகெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் என்று சொல்லும் சவ்வு மெத்தை மாதிரி இருக்கிறது. குனியும்போது அதன் முன்பக்கம் நசுங்கும், பின்பக்கம் பிதுங்கப் பார்க்கும். பின்னால் இருப்பது காலுக்குப் போகிற நரம்பு. இடுப்பில் தொடங்கிய வலி ஒரு காலில் இறங்குவது அதனால்தான்.

இதற்குக் காசு செலவில்லை. மிச்சப் பலகையில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு தாங்கு அடித்து, அதன்மேல் வைத்து அறுங்கள். மேசை அடிக்கத் தச்சனுக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்! தரையில்தான் செய்யவேண்டும் என்றால் சாக்கை மடித்துப் போட்டு ஒரு முழங்காலை ஊன்றிக்கொள்ளுங்கள். பிளைவுட்டை இரண்டு பேராகத் தூக்குங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வையுங்கள். இடுப்புப் பட்டியை நம்பிக் காசைக் கொட்டவேண்டாம், பட்டி பாரத்தைக் குறைக்காது.

வலி வந்தால் பத்து நாள் பாயில் படுக்கவைப்பது நம்ம வீட்டு வழக்கம். அது கூடாது, தாய்மார்களே. ஓரிரு நாள் போதும், பிறகு மெல்ல நடமாட விடுங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். ஒத்தடம் கொடுக்கலாம். பிள்ளைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லாதீர்கள். கால் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, தெரியாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிந்தினால் அந்த நரம்பு திரும்பாமலே போகலாம்.

இன்னொன்று. நாள்கூலி போய்விடும் என்று விழுந்ததைக்கூட மறைக்கிறீர்கள். வேலையில் நடந்த விபத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் விழுந்ததே ஒருவருக்கும் தெரியாது என்றால் எதைக் காட்டிக் கேட்பது? அன்றைக்கே பாஸிடம் சொல்லுங்கள், பார்த்த இரண்டு பேரின் பெயரையும் கொந்தராத்துக்காரரின் விலாசத்தையும் எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரித் துண்டைத் தொலைக்காமல் எங்கள் ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள், கடிதம் எழுத நாங்கள் உதவுகிறோம்.