மெழுகுவர்த்திக்கு ஏற்ற திரி



நான் பூந்தமல்லி பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பத்தாவது வரைக்கும் படித்தேன். எங்கள் குழுவில் மெழுகுவர்த்தி செய்கிறோம். என்னைப் பேசக் கூப்பிட்டதும் அச்சு, கலர், வாசனை பற்றிச் சொல்வேன் என்று நினைத்திருப்பீங்க. நான் சொல்லப்போவது திரியைப் பற்றி மட்டும்தான்.

கடையில் மிஷினில் செய்த பாக்கெட் மலிவாகக் கிடைக்குது. விலையில் அதோடு நம்மால் போட்டி போட முடியாது. நம்ம மெழுகுவர்த்தி நின்னு நல்லா எரிஞ்சால்தான் வாங்கினவங்க திரும்ப வருவாங்க. அப்போதான் மாசத் தவணையும் ஒழுங்கா கட்ட முடியும்.

முதலில், எரிவது எது? திரி எண்ணெய் விளக்கில் எண்ணெயை இழுப்பது போல, உருகின மெழுகை மேலே இழுக்குது. வாளித் தண்ணீரில் முந்தானை நுனி பட்டால் ஈரம் தானாக மேலே ஏறுமே, அதே கதைதான். மேலே போன மெழுகு சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் எரியுது. மெழுகுவர்த்தியை ஊதி அணைச்சதும் வெள்ளையாக ஒரு புகை வரும். அதில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் தாவிப் பிடிக்கும். மைக்கேல் பாரடே என்ற விஞ்ஞானி 1860-ம் வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனில் பிள்ளைகளுக்காக மெழுகுவர்த்தியை வைத்தே ஆறு சொற்பொழிவு தொடங்கினார். அதில் இதையும் செய்து காட்டினார்.

ஆக, திரிதான் அடுப்புக்கு விறகு தள்ளுற கை. கை பெருத்தால் ஒரு தொல்லை, சிறுத்தால் வேறு தொல்லை.

திரி தடிமனாக இருந்தால் மெழுகு அளவுக்கு மேலே ஏறும். சுடர் உயரமாக ஆடும், கரி கக்கும், சுவர் கறுக்கும், மெழுகுவர்த்தி சீக்கிரம் தீர்ந்துபோகும். மெலிசாக இருந்தால் சுடர் சின்னதாக இருக்கும். பருமனான மெழுகுவர்த்தியில் நடுவில் மட்டும் குழி விழுந்து, ஓரத்து மெழுகு அப்படியே வீணாக நிற்கும். குச்சி மெழுகுவர்த்தியில் உறிஞ்சாத மெழுகு வழிந்து ஓடும். கடைசியில் சுடரே மெழுகில் மூழ்கி அணைஞ்சிடும்.

சும்மா முறுக்கின நூலைவிடப் பின்னல் திரி நல்லது. எரியும்போது நுனி வளைந்து சுடருக்கு வெளியே போய்ச் சாம்பலாகிவிடும். 1820-களில் பிரான்ஸில் இது வந்த பிறகுதான், கருகின திரியை அடிக்கடி கத்தரிக்கிற வேலை குறைஞ்சது.

சரியான திரியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே அச்சில் மூன்று மெழுகுவர்த்தி ஊத்துங்க. மெலிசு, நடுத்தரம், தடிமன் என்று மூன்று திரி போடுங்க. திரியை முதலில் உருகின மெழுகில் முக்கி, நேராக இழுத்துக் காயவையுங்க. ஒரு நாள் விட்டு, திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டி, ஃபேன் இல்லாத இடத்தில் தட்டில் வைத்துக் கொளுத்துங்க. பருமனான மெழுகுவர்த்தி என்றால், ஒரு அங்குல அகலத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கணக்கு. மூன்று அங்குலம் என்றால் மூன்று மணி நேரத்தில் உருகின மெழுகு ஓரம் வரைக்கும் வரணும். புகை இருக்கக் கூடாது, சுடர் ஆடாமல் நிற்கணும். எரியும்போது பக்கத்திலேயே இருங்க.

கொளுத்துமுன் எடை போடுங்க, ஒரு மணி நேரம் கழித்து அணைத்து மறுபடி போடுங்க. 50 கிராமில் 5 கிராம் குறைந்தால், மொத்தம் பத்து மணி நேரம் எரியும் என்று வாங்குறவங்ககிட்ட தைரியமாகச் சொல்லலாம்.

மெழுகு மாறினாலும், கலர், வாசனை சேர்த்தாலும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யணும். தேன்மெழுகுக்குப் பாரஃபினைவிடத் தடித்த திரி வேணும். பிள்ளைகளோட கிரேயானைக் கரைத்து ஊத்தாதீங்க, அந்தத் தூள் திரியை அடைச்சிடும்.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்ததை மறந்திருக்க மாட்டீங்க. கரண்ட் இல்லாத அந்த ராத்திரிகளில் மெழுகுவர்த்தியை நம்பித்தான் சமைச்சோம், பிள்ளைங்களுக்குச் சோறு போட்டோம். அந்த மாதிரி ராத்திரியில் நாம வித்தது பாதியில் அணைஞ்சால், அந்த வீட்டுக்காரங்க மறுபடி நம்மகிட்ட வாங்குவாங்களா?

ஒவ்வொரு குழுவும் எந்த அச்சுக்கு எந்தத் திரி என்று ஒரு நோட்டில் எழுதி வைங்க. கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வாங்க, ஒருத்தர் கண்டது எல்லாருக்கும் உதவும். கிறிஸ்துமஸ் ஆர்டர் வருவதற்குள் தொடங்கிடலாம்.