பெரியவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் பிள்ளைகள்

"கூடத்துல சின்னப் பிள்ளைங்க உக்காந்திருக்கு" என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போறவங்க உண்டு. அது லூயி பாடி டிமென்ஷியா என்ற மூளை நோயாகவும் இருக்கலாம். நரம்பியல் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

காலையில் குறுவை நடவுக் கூலியைச் சரியாகக் கணக்குச் சொன்னவர், மத்தியானம் மகனையே யாரென்று கேட்பார். நடை தளரும். தூக்கத்தில் கத்துவார், கை கால் வீசுவார். நடிப்பு இல்லைங்க, இந்த நோய் அப்படித்தான் ஏறி இறங்கும்.

"அங்க யாரும் இல்ல" என்று வாதாட வேண்டாம். "நான் பக்கத்துல இருக்கேன்ப்பா" என்று கையைப் பிடிங்க. விளக்கைப் போடுங்க, கொடியில் தொங்கும் துணிகூட ஆள் மாதிரித் தெரியும்.

முக்கியமான விஷயம்: ராத்திரி சத்தம் போடுகிறார் என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு வாங்காதீங்க. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் இவர்களுக்கு உடம்பை விறைக்க வைக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்க. நடையையும் தூக்கத்தையும் செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்க.

சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் பண்ணுங்க. கவனிப்பவர் மனசு சோர்ந்தால் டெலி மானஸ், 14416. படுக்கையில் இருப்பவருக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்க.

ராத்திரி கண் முழிப்பது பெரும்பாலும் ஒரே மருமகள்தான். வாய்க்கால் தண்ணிக்கு முறை வைக்கிற ஊர்க்காரங்க நாம. பெரியவரைப் பார்த்துக்கொள்ளவும் அண்ணன் தம்பி முறை வைக்கலாமே!