அப்பன் யார் என்று கேட்ட சர்க்கார்

(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்க அமெரிக்காவில் 1935-ல் ஒரு சட்டம் செய்தார்கள். தகப்பனோ தாயோ இறந்திருக்க வேண்டும், அல்லது வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும், அல்லது உழைக்கச் சக்தியற்றுக் கிடக்க வேண்டும். வீட்டில் வறுமையும் இருக்க வேண்டும். மத்திய சர்க்கார் பணம் தரும்; யாருக்குத் தகுதி என்று பார்த்துப் பட்டுவாடா செய்வது மாகாணம். அங்கேதான் சூது புகுந்தது.

1964-ல் அலபாமா மாகாணம் ஒரு விதி செய்தது. தாயுடன் உறவு வைத்திருக்கும் திடமான ஆண் எவனும் அந்தப் பிள்ளைகளுக்கு 'மாற்றுத் தகப்பன்'! தகப்பன் வந்துவிட்டான், ஆகவே பணத்தை நிறுத்து! அவன் ஒரு காசாவது கொடுக்கிறானா? அந்தக் கேள்வியே கிடையாது.

டல்லாஸ் கவுண்டியில் ஸ்மித் என்ற கறுப்பினப் பெண். நான்கு பிள்ளைகள். விடியற்காலை 3½ மணிக்கு வேலையில் நிற்க வேண்டும். நண்பகல் வரை சமையல், பரிமாறல். வாரக்கூலி 16 முதல் 20 டாலர். முதல் ஷிப்டுக்கு எழுந்து ஓடும் நம் பெண்களுக்கு இது புரியும். வார இறுதியில் ஒருவர் வந்து போகிறார் என்று 1966 அக்டோபரில் அவருக்குப் பணத்தை நிறுத்தினார்கள். அந்த மனிதருக்கோ சொந்த மனைவியும் ஒன்பது பிள்ளைகளும் இருந்தார்கள்! இவருடைய பிள்ளைகளில் ஒன்றுகூட அவருடையதல்ல.

உறவு முறிந்தது என்று நிரூபித்தால் மறுபடி பணம் உண்டாம். சாட்சி யார் தெரியுமா? போலீஸ்காரர், பாதிரியார், அண்டை வீட்டார், மளிகைக் கடைக்காரர்! பிள்ளையின் வயிற்றைப் பார்க்க வேண்டியவர்கள் தாயின் படுக்கையறையை எட்டிப் பார்த்தார்கள். இரண்டரை ஆண்டுகளில் உதவிப் பட்டியலில் இருந்த பிள்ளைகளின் தொகை ஏறத்தாழ 16,000 குறைந்தது, நூற்றுக்கு 22.

ஸ்மித் வாயை மூடிக்கொள்ளவில்லை, வழக்குப் போட்டார். நான் மெட்ரிக்குலேஷனோடு நின்றவன். கோர்ட்டுத் தீர்ப்பு என்றால் தலை சுற்றும். ஆனால் 1968 ஜூன் 17-ல் வந்த இந்தத் தீர்ப்பு யாருக்கும் விளங்கும். பிள்ளையைக் காப்பாற்றச் சட்டப்படி கடமைப்பட்டவனே தகப்பன், வந்து போகிறவன் அல்ல என்று சுப்ரீம் கோர்ட் ஏகமனதாகச் சொன்னது. ஒழுக்கத்தைக் காக்கவே விதி செய்தோம் என்ற மாகாணத்தின் வாதம் எடுபடவில்லை. தாயின் நடத்தைக்காகப் பிள்ளையைப் பட்டினி போடச் சட்டத்தில் இடமில்லை.

கோர்ட்டில் ஜெயித்த உரிமை என்றைக்கும் நிலைக்குமா? 1996-ல் அந்தத் திட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அதன் இடத்தில் வந்த திட்டத்தில் மத்திய சர்க்கார் பணம் ஒரு குடும்பத்துக்குப் பொதுவாக ஆயுளில் 60 மாதம்தான். அதையும் குறைத்துக்கொள்ள மாகாணங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள்.