கட்டியை நாடிச் செல்லும் மருந்து

மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை எறிபவன், வலை விழுந்த வட்டத்துள் அகப்பட்ட அனைத்தையும் இழுத்தெடுக்கிறான். தூண்டிலிடுபவனோ, தான் விரும்பும் மீன் எந்த இரையை நாடும் என அறிந்து அதனையே கோக்கிறான். கதிர்ச் சிகிச்சையிலும் ஒருவாறு இவ்விரு வழிகள் உண்டு. வெளியே நின்று கதிர் பாய்ச்சும் பொறி முதலாவது வகை. இரண்டாவதற்குத் தக்க சான்று, அதிரனற் சுரப்பியில் தோன்றும் ஒரு கட்டியின் சிகிச்சையாகும்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் இச்சுரப்பிகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 கிராம் நிறையே உடையன. அச்சம் நேர்கையில் நெஞ்சைப் படபடக்கச் செய்யும் அதிரனலின் இவற்றின் உட்பகுதியிற் சுரக்கிறது. அங்கே வளரும் 'பியோகுரோமோசைற்றோமா' என்னும் கட்டி, அச்சம் ஏதும் இல்லாதபோதும் அதனைச் சொரிகிறது. படுவான்கரையில் வயல்வேலை செய்யும் ஒருவருக்குத் தலையிடி, வியர்வை, நெஞ்சிடிப்பு மூன்றும் திடீரெனச் சேர்ந்து வந்து, சிறிது நேரத்தில் நீங்குமாயின், வெயிலின் கொடுமை என்றோ நரம்புத் தளர்ச்சி என்றோ எண்ணுவது இயல்பு. அவர் வாவியைக் கடந்து வைத்தியசாலையை அடையும்போது குருதியமுக்கமும் இறங்கியிருக்கக்கூடும். கட்டி இருப்பதை அறியாது வேறொரு நோய்க்காக மயக்கமருந்து கொடுத்தாலோ உயிருக்கே ஆபத்து. குருதியிலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ செய்யும் சோதனை பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும்.

சத்திரசிகிச்சையே முதன்மையான பரிகாரம். 1926 ஆம் ஆண்டிலேயே சுவிற்சர்லாந்தில் சீசர் ரூவும் அமெரிக்காவில் சார்ள்ஸ் மேயோவும் இக்கட்டியை அகற்றி வெற்றி கண்டனர். ஆயினும் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிவிட்ட கட்டியைக் கத்தி எட்டுவதில்லை. அங்கேதான் தூண்டில் வேண்டப்படுகிறது.

1980 ஆம் ஆண்டளவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் 'எம்.ஐ.பி.ஜி.' என்னும் பொருளை ஆக்கினர். நோரதிரனலினை ஒத்த இதனைக் கட்டியின் கலங்கள் தம்முடையதென மயங்கி உள்ளெடுக்கின்றன. இதனோடு கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீன்-131 பிணைக்கப்படும். அதன் பீற்றாக் கதிர்கள் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரே செல்வதால் அழிவது பெரும்பாலும் கட்டியே. முதலிற் சிறிதளவு செலுத்திப் படமெடுத்து, கட்டி இரையை ஏற்கிறதா எனப் பார்ப்பர். ஏற்காத கட்டிக்கு இம்மருந்து வீண். பிரிந்து அலையும் அயடீன் கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியைத் தாக்காதிருக்க, சாதாரண அயடீன் முன்கூட்டியே கொடுக்கப்படும். நோயாளி சில நாள்கள் தனியறையில் இருத்தல் வேண்டும்; சோற்றுப்பொதியுடன் உறவினர் கட்டிலருகே அமரும் ஊர்வழக்கம் அங்கே செல்லாது.

முற்றாகக் குணமடைவோர் மிகச் சிலரே. அமெரிக்காவில் 2018 இல் ஒப்புதல் பெற்ற இத்தகைய மருந்தொன்றின் சோதனையில், 68 பேருள் 17 பேருக்குக் குருதியமுக்க மருந்தின் தேவை பாதியாகவோ அதற்கு மேலாகவோ குறைந்து, 6 மாதமேனும் அந்நிலை நீடித்தது. அம்மருந்தின் தயாரிப்பும் 2024 இல் நிறுத்தப்பட்டது. நோய் அரிதாயின் மருந்தும் அரிதாகிவிடுகிறது போலும்! பழைய முறை மருந்தும், லுற்றீசியம்-177 சேர்ந்த வேறொரு மருந்தும் வழக்கில் உள்ளன.

இக்கட்டி உடையோருள் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அது பரம்பரைத் தொடர்புடையது. ஆதலின் ஒரு வீட்டில் ஒருவருக்கு இது கண்டறியப்பட்டால், உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் வைத்தியரிடம் சென்று, தமக்கும் சோதனை வேண்டுமா என்று கேட்டறிதல் வேண்டும்.