பிளக்கில் கரண்ட் வருகிறதா?

(தோட்ட இளைஞர் வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சம்பளம், காணி, வீடு என்று பேசுகிற இடத்தில் இன்றைக்கு ஏன் மோட்டார் சைக்கிள் என்று சிலர் கேட்டார்கள். பஸ் வராத டிவிஷன்கள் நமக்கு எத்தனை! அங்கிருந்து நோயாளியைக் கொண்டு போவதும், டவுனில் வேலை செய்யும் பிள்ளை இருட்டில் வீடு திரும்புவதும் பைக்கில்தான். காலையில் உதை உதை என்று உதைத்தும் ஸ்டார்ட் ஆகாமல் பிரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர்தான். கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனால் "சி.டி.ஐ. போய்விட்டது" என்று ஒரே வார்த்தை. சில நாள் பேர் அதோடு கரைந்துவிடும். பாஸ்மாரை நாங்கள் குறை சொல்லவில்லை. வேலை குவிந்திருக்கும்போது சாமானை மாற்றிப் பார்ப்பதுதான் அவர்களுக்குச் சுலபம். செலவு மட்டும் நமக்கு.

ஆகவே, மலிவான சாமானிலிருந்து தொடங்குவோம். பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா? ஹேண்டிலில் கில் சுவிட்ச் இருந்தால் அது சரியான பக்கம் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், பிள்ளைகள் விளையாட்டாக அமர்த்திவிட்ட சுவிட்சுக்காக வண்டியை மலை இறக்கியவர்களும் உண்டு.

அடுத்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் எஞ்சினுக்குள் ஒயில் எரிகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை என்று அர்த்தம். துடைத்து, இடைவெளியைப் பாருங்கள். சின்ன வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை. அளவுத் தகடு இல்லாவிட்டால் ஹெக்சோ பிளேட்டின் கனம் ஏறக்குறைய அதுதான்.

இப்போது பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை எஞ்சின் இரும்போடு நன்றாக ஒட்டிப் பிடியுங்கள். ஒட்டாமல் உதைத்தால் கொயிலுக்கும் சி.டி.ஐ.க்கும் கேடு. வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. ரப்பர் கைப்பிடி உள்ள குறடு வேண்டும். பிளக் ஓட்டையைத் துணியால் மூடி, அதற்குத் தூரமாகப் பிடியுங்கள். அதிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், தீப்பிடிக்கும். நிழலில் நின்று, நியூட்ரலில், சாவியைப் போட்டு உதையுங்கள். நீலமாக, 'டக் டக்' என்று வெடித்தால் கரண்ட் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால் பலவீனம். ஒன்று சொல்ல வேண்டும்: வெளியில் பொறி வந்தாலும், எஞ்சினுக்குள் அழுத்தத்தில் அது வராமல் போகலாம். ஆகவே ஒரு நல்ல பிளக்கை மாட்டியும் பாருங்கள். பல்சர் 150 டி.டி.எஸ்.ஐ. போன்ற வண்டிகளில் இரண்டு பிளக், இரண்டையும் பார்க்க வேண்டும்.

பொறியே இல்லையா? நம்ம பக்கத்தில் முதல் சந்தேகம் கேப் மேல்தான். மே மாதம் மழை தொடங்கினால் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மாதக் கணக்கில் ஈரம். கேப்புக்குள் தண்ணீர் இறங்கும், வயர் நுனி பச்சை பூத்துவிடும். கேப்பைத் திருகிக் கழற்றி, வயர் நுனியை எஞ்சின் இரும்புக்கு 5 மில்லிமீட்டர் தள்ளிக் குறட்டால் பிடித்து உதையுங்கள். இங்கே பொறி வந்தால் கேப்தான் கெட்டது. வயர் நுனியில் கால் அங்குலம் வெட்டி, புதுச் செம்பு தெரியப் புதுக் கேப்பைத் திருகுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு உதைத்தால், வயரில் வெடிப்பு இருக்கும் இடத்தில் நீலமாகக் கசிவதும் தெரியும்.

அதற்கும் வராவிட்டால் கில் சுவிட்ச் வயரையும், கொயில் போல்ட்டில் துருவையும் பாருங்கள். சில வண்டிகளில் சி.டி.ஐ.க்குப் பெட்டரியிலிருந்து கரண்ட் போகிறது. அங்கே பெட்டரி இறங்கினாலே பொறி நிற்கும். ஏற்றம் ஏறிச் சூடானதும் நின்று, ஆறியபின் ஸ்டார்ட் ஆகிறதென்றால் கொயில் அல்லது பல்சர் கொயில் மேல் சந்தேகம் வைக்கலாம்.

சி.டி.ஐ. கடைசி. அதையும் வாங்குவதற்கு முன், அதே மாடல் ஓடும் வண்டி வைத்திருக்கும் தோழரிடம் கேட்டு, அவருடையதை மாட்டிப் பாருங்கள். பல கடைகளில் மின் சாமானைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

வெளியே ஸ்டார்ட் ஆகாத வண்டி ஒன்று நிற்கிறது. பிளக் ஸ்பேனர் வைத்திருக்கும் தம்பி முன்னால் வாருங்கள். தங்கைமாரும் வந்து உதைத்துப் பாருங்கள்.